ஓடும் வீடு ஒழுகலாமா?

வீடு ஓடுமா?

ஓடும். அமெரிக்காவில் ஓடிக்கொண்டு இருக்கிறது.

வெளியில் இருந்து பார்த்தால் அது ஒரு பஸ். உள்ளே போனால் வீடு. கட்டில், மெத்தை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, சாப்பாட்டு மேஜை, குளியல் அறை, கழிப்பறை எல்லாம் இருக்கும். கணவனும் மனைவியும் மாறி மாறி ஓட்டுவார்கள். மாலையில் ஓர் ஏரிக்கரையில் நிறுத்துவார்கள். அடுப்பை மூட்டிக் காபி போடுவார்கள். இரவில் அங்கேயே தூங்குவார்கள். காலையில் வீட்டோடு கிளம்பிவிடுவார்கள். ஓட்டல் செலவு இல்லை. மூட்டை கட்டுகிற வேலையும் இல்லை.

இதற்கு மோட்டார் வீடு என்று பெயர்.

வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் பலர் இதை ஆசையோடு வாங்குகிறார்கள். சிலர் குடியிருந்த வீட்டையே விற்றுவிட்டு இதில் குடி ஏறுகிறார்கள். விலை சின்ன விலை அல்ல. நடுத்தரமான புது வண்டி ஒரு லட்சம் டாலரைத் தாண்டும். பெரிய வண்டி அதைப்போல மூன்று, நான்கு மடங்கு ஆகும். கையில் அவ்வளவு பணம் இல்லாதவர்கள் கடன் வாங்குவார்கள். 15 ஆண்டு, 20 ஆண்டு என்று தவணை கட்டுவார்கள்.

அப்படி வாங்கிய புது வீடு, முதல் மழையிலேயே ஒழுகினால் எப்படி இருக்கும்?

முதல் பயணம்

ஒரு கணவன், மனைவி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன் 35 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். இருவரும் சேமிப்புப் பணத்தைப் போட்டு ஒரு மோட்டார் வீடு வாங்குகிறார்கள். வண்டியின் பளபளப்பு கண்ணைப் பறிக்கிறது. கையெழுத்துப் போட்டு, சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

50 மைல் போனதும் பின்னால் "டமார்" என்று ஒரு சத்தம்! திரும்பிப் பார்த்தால், அலமாரிக் கதவு தொங்குகிறது. தட்டுகள் தரையில் கிடக்கின்றன. கதவின் கீலைப் பிடித்துக்கொண்டு இருந்த திருகாணி பாதிதான் இறங்கி இருக்கிறது. போனால் போகிறது என்று, ஒரு கயிற்றால் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

இரவில் கை கழுவக் குழாயைத் திறக்கிறார்கள். தண்ணீர் மேலே வருவதற்குப் பதில் கீழே கொட்டுகிறது. குழாயின் மரையை யாரும் முடுக்கவில்லை. அடியில் உள்ள அலமாரி குளம் ஆகிவிட்டது. அதைத் துடைத்து முடித்துவிட்டு, குளிருக்குச் சூடு காற்று இயந்திரத்தைப் போடுகிறார்கள். தரைத் துவாரத்தில் இருந்து மரத்தூள் பறந்து வருகிறது. தொழிற்சாலையில் பலகை அறுத்தபோது விழுந்த தூள் அது. அதைக் கூட்டி எடுக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

இந்த வண்டிகளில் பலவற்றில் ஒரு வேடிக்கையான அமைப்பு உண்டு. வண்டியை நிறுத்திவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினால், சுவரின் ஒரு பகுதி மேஜை டிராயர் போல வெளியே நகரும். உள்ளே இடம் விசாலமாகும். காலையில் கிளம்பும்போது மறுபடியும் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில் இந்தத் தம்பதி பொத்தானை அமுக்குகிறார்கள். ஒரு முனை உள்ளே வருகிறது. மறு முனை வரமாட்டேன் என்கிறது. அறை கோணிக்கொண்டு நிற்கிறது. அறையை நீட்டிக்கொண்டு ரோட்டில் போக முடியுமா? முடியாது. ஓடும் வீடு நின்றுவிட்டது!

மூன்றாம் நாள் மழை. கட்டிலுக்கு மேலே கூரையில் ஒரு ஈர வட்டம். தலையணை நனைந்துவிட்டது.

இந்தத் தம்பதி கற்பனை. ஆனால் இந்தப் பழுதுகளில் ஒன்றுகூடக் கற்பனை அல்ல. புது மோட்டார் வீடு வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் புகார்கள் இவைதான்.

விற்ற கடைக்கு டெலிபோன் செய்தால், "வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள், பார்க்கிறோம்" என்று பதில் வரும். கொண்டுபோய் விட்டால், வண்டி வரிசையில் நிற்கும். வாரக்கணக்கில் நிற்கும். உதிரிச் சாமான் வரவில்லை என்றால் மாதக்கணக்கிலும் நிற்கும். வீட்டுப் பகுதிக்கு உத்தரவாதம் பெரும்பாலும் ஒரு வருடம்தான். அந்த ஒரு வருடத்தில் பாதியை ஒர்க் ஷாப்பே விழுங்கிவிட்டால், மிச்சம் என்ன? கடன் தவணை மட்டும் மாதம் தவறாமல் போய்க்கொண்டு இருக்கும்.

ஈரம்தான் எமன்

கதவு கழன்றால் மாட்டிவிடலாம். குழாய் ஒழுகினால் முடுக்கிவிடலாம். கூரை ஒழுகுவதுதான் பெரிய ஆபத்து.

இந்த வண்டியின் சுவர் செங்கல் சுவர் அல்ல. வெளியே கண்ணாடி நாரினால் செய்த தகடு. அதற்குப் பின்னால் மெல்லிய ஒட்டுப் பலகை. நடுவில் நுரைப் பலகை. எல்லாவற்றையும் பசை போட்டு, அமுக்கி ஒட்டி இருப்பார்கள். பல வண்டிகளில் கூரைக்கு மேல் ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும். அந்தக் கூரையில் காற்றுப் போக்கி வேண்டும். ஏர்கண்டிஷன் பெட்டி வேண்டும். கழிவுத் தொட்டியின் வாடை வெளியே போகக் குழாய் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஓட்டை வெட்டித்தான் ஆகவேண்டும். ஓட்டையைச் சுற்றிலும் பசை பூசி அடைப்பார்கள்.

அந்தப் பசையில் ஒரு விரல் அகலம் விட்டுப்போனால் போதும். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். ஒட்டுப் பலகை ஊறும். பசை விட்டுப்போகும். வெளித் தகடு கொப்புளம் போல உப்பும். கொப்புளம் கண்ணுக்குத் தெரியும்போது, உள்ளே மரம் மக்கி இருக்கும்.

தலையணை நனைந்த தம்பதியை அதிர்ஷ்டசாலிகள் என்றே சொல்லவேண்டும். முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. சுவருக்கு உள்ளேயே இறங்குகிற தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வெளியே காட்டாது. உத்தரவாதம் முடியும் வரை பேசாமல் இருக்கும்.

எல்கார்ட் என்ற ஊர்

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் எல்கார்ட் என்று ஓர் ஊர் இருக்கிறது. அமெரிக்காவில் தயாராகும் வீட்டு வண்டிகளில் 100-க்குச் சுமார் 80 வண்டிகள் அந்த ஊரிலும், பக்கத்தில் உள்ள கோஷன், மிடில்பரி, நாப்பனி முதலிய ஊர்களிலும்தான் தயாராகின்றன. எஞ்சின் உள்ள மோட்டார் வீடு, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் வீடு இரண்டும் சேர்ந்த கணக்கு இது.

தலைவலிக்கும் வயிற்று எரிச்சலுக்கும் தண்ணீரில் போட்டுக் குடிக்கிற "அல்கா செல்ட்ஸர்" மாத்திரை 1931-ல் பிறந்ததும் இதே ஊரில்தான். மோட்டார் வீடு வாங்கியவர்களுக்கு இந்தச் செய்தி ஆறுதலாக இருக்கலாம்!

வண்டியின் எஞ்சினும் அடிச்சட்டமும் பெரிய மோட்டார் கம்பெனிகளில் இருந்து வருகின்றன. அவற்றின் மேல் வீட்டைக் கட்டுவதுதான் எல்கார்ட் தொழிற்சாலைகளின் வேலை. கட்டும் முறையும் வித்தியாசமானது. ஊரில் வீடு கட்டினால் முதலில் சுவர் எழும்பும், அப்புறம்தான் சாமான் வரும். இங்கே தரையைப் போட்டு, குழாய் பதித்து, அலமாரி, கட்டில் எல்லாவற்றையும் வைத்துவிடுவார்கள். பிறகுதான் சுவரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். கடைசியில் கூரையைத் தூக்கி வைப்பார்கள்.

வேகத்துக்கு இது நல்ல முறைதான். ஆனால் சுவர் வந்ததும் குழாயும் மின்சாரக் கம்பியும் மறைந்துபோகும். ஒரு திருகாணி கம்பியில் குத்திக்கொண்டு இருந்தால், கடைசியில் வந்து பார்க்கிற மேஸ்திரிக்கு அது தெரியவே தெரியாது.

வேலை அதிகாலையில் தொடங்கும். பல தொழிற்சாலைகளில் கூலி மணிக்கணக்கில் இல்லை. வண்டிக் கணக்கில்தான். "பீஸ் ரேட்" என்பார்களே, அதுதான். இன்றைக்கு இத்தனை வண்டி என்று ஒரு கணக்கு. கணக்கு முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம். சீக்கிரம் முடித்தால் மத்தியானமே கிளம்பலாம்.

இங்கே வேலை செய்கிறவர்களில் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஏராளம். அவர்கள் சொந்தமாகக் கார் வைத்துக்கொள்ள மாட்டார்கள். குதிரை வண்டியிலும் சைக்கிளிலும் போகிறவர்கள். தச்சு வேலையில் பெயர் எடுத்தவர்கள். மோட்டாரே வேண்டாம் என்கிறவர்கள் மோட்டார் வீடு கட்டுகிறார்கள்! அவர்கள் கைபட்ட அலமாரியில் கதவு கழன்று விழுகிறது என்றால், கோளாறு கையில் இல்லை. அவசரத்தில்தான் இருக்கிறது.

ஒரு திருகாணியை முழுதாக முடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? சில விநாடிதான். ஆனால் ஒரு வண்டியில் ஆயிரக்கணக்கான திருகாணிகள். முழுதாக முடுக்கினாலும் பாதி முடுக்கினாலும் கூலி ஒன்றுதான். நின்று நிதானமாகச் செய்கிறவனால் பின்னால் உள்ள பத்துப் பேருக்குத் தாமதம். அவர்கள் சும்மா இருப்பார்களா?

தொழிலாளிக்கு ஒரு பயமும் உண்டு. வீட்டு வண்டி என்பது சோறு, துணி போல அவசியமான பொருள் அல்ல. நாட்டில் பணமுடை வந்தால் முதலில் நிற்பது இந்த வியாபாரம்தான். 2008-ல் பொருளாதாரம் சரிந்தது. எல்கார்ட் வட்டாரத்தில் வேலை இல்லாதவர்கள் 100-க்கு 15 பேருக்கு மேல் ஆனார்கள். 2009 பிப்ரவரியில் ஜனாதிபதி ஒபாமா அந்த ஊருக்கே நேரில் போய்ப் பேசினார். அதைப் பார்த்த தொழிலாளி, கிராக்கி இருக்கும்போதே நாலு காசு பார்த்துக்கொள்ள நினைப்பது இயற்கைதான்.

கிராக்கியும் வந்தது. 2020-ல் கொரோனா நோய் பரவியபோது தொழிற்சாலைகள் சில வாரம் மூடிக் கிடந்தன. பிறகு, ஓட்டலுக்கும் விமானத்துக்கும் பயந்த மக்கள் வீட்டு வண்டிக் கடைகளில் வந்து குவிந்தார்கள். 2021-ல் மட்டும் 6 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தன. அதுவரை எந்த ஆண்டிலும் அவ்வளவு வந்தது இல்லை. அவற்றில் சுமார் 56 ஆயிரம் மோட்டார் வீடுகள். சாமான் தட்டுப்பாடு ஒரு பக்கம், வேலைக்குப் புதிதாக வந்த கைகள் ஒரு பக்கம். அந்த வேகத்தில் எத்தனை மரை முடுக்காமல் போயிருக்கும்! 2023-ல் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த வண்டிகள் 3 லட்சத்து 13 ஆயிரமாக இறங்கிவிட்டன. தவணை கட்டுகிறவர்கள் இன்னும் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள்.

கதவருகே ஒரு முத்திரை

புது வண்டியின் கதவருகே ஒரு முத்திரை ஒட்டி இருக்கும். வீட்டு வண்டித் தொழில் சங்கத்தின் முத்திரை அது. நெருப்பு, சமையல் வாயு, மின்சாரம், தண்ணீர்க் குழாய் ஆகியவற்றுக்கு உள்ள பாதுகாப்பு விதிகளின்படி வண்டி கட்டப்பட்டது என்று அதற்கு அர்த்தம். சங்கத்தின் இன்ஸ்பெக்டர்கள் சொல்லாமல் கொள்ளாமல் தொழிற்சாலைக்கு வந்து பார்ப்பார்கள். நல்ல காரியம். ஆனால் ஒவ்வொரு வண்டியையும் அவர்கள் பார்ப்பது இல்லை. கதவு ஒழுங்காக மூடுமா, அறை கோணாமல் நகருமா என்பதற்கு அந்த முத்திரை பொறுப்பு அல்ல. வாங்குகிறவர்களுக்கு இது தெரியாது. முத்திரையைப் பார்த்ததும் எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள்.

சர்க்காரின் கண்காணிப்பும் உண்டு. 1966-ல் வந்த சட்டப்படி, உயிருக்கு ஆபத்தான பழுது இருந்தால் கம்பெனி அந்த வண்டிகளைத் திருப்பி அழைத்துச் செலவு வாங்காமல் சரிசெய்து தரவேண்டும். ஒவ்வொரு வண்டிக்கும் எழுத்தும் எண்ணுமாக 17 இலக்க அடையாளம் இருக்கிறது. அதைச் சொன்னால், வண்டி அழைக்கப்பட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ளலாம். பிரேக் பிடிக்கவில்லை என்றால் இந்தச் சட்டம் ஓடிவரும். தலையணை நனைந்தால் வராது.

எலுமிச்சம்பழச் சட்டம்

பார்க்க அழகாக இருந்து, வாங்கியபின் பல்லைக் கூசவைக்கும் வண்டியை அமெரிக்கர்கள் "எலுமிச்சம்பழம்" என்று கேலி செய்வார்கள். திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டியைக் கம்பெனி மாற்றித் தரவேண்டும், அல்லது பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதற்கு "எலுமிச்சம்பழச் சட்டம்" என்றே பெயர். 1982-ல் கனெக்டிகட் மாநிலம் வழி காட்டியது. பிறகு மற்ற மாநிலங்களும் செய்தன.

மோட்டார் வீட்டுக்கு அது உதவுமா?

பல மாநிலங்களில் பாதிதான் உதவும். எஞ்சின், சக்கரம், அடிச்சட்டம் வரைக்கும் சட்டம் வரும். வீட்டுப் பகுதி என்றால் சட்டம் வாசலிலேயே நின்றுவிடும். வண்டி நின்றால் வழக்கு உண்டு, கூரை ஒழுகினால் இந்தச் சட்டத்தில் வழக்கு இல்லை! இண்டியானா மாநிலச் சட்டமோ மோட்டார் வீட்டை முழுதாகவே விலக்கி வைத்திருக்கிறது. ஊருக்கெல்லாம் வண்டி கட்டிக் கொடுக்கிற மாநிலம் அதுதான் என்பதை மறந்துவிடக்கூடாது.

நாடு முழுவதற்கும் பொதுவாக 1975-ல் வந்த உத்தரவாதச் சட்டம் ஒன்று உண்டு. எழுதிக் கொடுத்த உத்தரவாதத்தைக் கம்பெனி மீறினால் கோர்ட்டுக்குப் போகலாம். ஜெயித்தால் வக்கீல் செலவும் கிடைக்கலாம். ஆனால் சில கம்பெனிகள், "வழக்குப் போடுவதானால் இண்டியானாவில்தான் போடவேண்டும்" என்று உத்தரவாதச் சீட்டிலேயே எழுதி இருக்கின்றன. புளோரிடாவில் இருக்கும் கிழவனாரும் கிழவியும் ஒழுகும் கூரைக்காக நூற்றுக்கணக்கான மைல் தாண்டி வந்து கோர்ட்டில் நிற்பார்களா?

உத்தரவாதம் ஒரே சீட்டாக இருந்தாலாவது பரவாயில்லை. எஞ்சினுக்கு ஒரு கம்பெனி. வீட்டுக்கு ஒரு கம்பெனி. குளிர்சாதனப் பெட்டிக்கு ஒன்று. ஏர்கண்டிஷனுக்கு ஒன்று. பெட்டி குளிரவில்லை என்று கேட்டால், "பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, காற்றோட்டம் விடாமல் பொருத்திவிட்டார்கள்" என்பார் பெட்டி செய்தவர். "சரியாகத்தான் பொருத்தினோம், பெட்டிதான் மட்டம்" என்பார் வீடு கட்டியவர். இருவர் சொல்வதையும் கேட்டுக்கொண்டு, கெட்டுப்போன பாலைக் கீழே ஊற்றவேண்டியது வாங்கியவர்.

அவசரம் செய்த கெடுதல்

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையை அழித்தது. வீடு இழந்தவர்களுக்காகச் சர்க்கார் அவசரம் அவசரமாக ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டு வண்டிகளை வாங்கியது. அவை எஞ்சின் இல்லாத, கட்டி இழுக்கும் வண்டிகள். பல இண்டியானாவில் கட்டியவை. குடி இருந்தவர்களுக்குக் கண் எரிந்தது. மூச்சு முட்டியது. ஒட்டுப் பலகையின் பசையில் இருந்து பார்மால்டிஹைடு என்ற வாயு கசிந்துகொண்டு இருந்தது. சர்க்காரின் நோய்த் தடுப்பு நிலையம் 519 வண்டிகளில் காற்றைச் சோதித்தது. கோடை வருவதற்குள் மக்களை வெளியேற்றுங்கள் என்று 2008 பிப்ரவரியில் சொன்னது. புயலுக்கு இரண்டரை ஆண்டுக்குப் பிறகு!

2010-ல் பலகைப் பசைக்குச் சட்டம் வந்தது. வாயுவுக்குச் சட்டம் வந்தது போல ஒழுகும் கூரைக்கும் சட்டம் வரவேண்டாமா?

கம்பெனிகள் ஒரு சமாதானம் சொல்லும். "ஊரில் இருக்கிற வீடு அசையாமல் நிற்கிறது. இது குண்டிலும் குழியிலும் குதித்து ஓடுகிறது. தினமும் பூகம்பத்தில் நிற்கிற வீடு இது. ஏதாவது கழலத்தான் செய்யும்" என்பது அந்தச் சமாதானம். உண்மைதான். ஆனால் ஓடும் என்று தெரிந்துதானே சக்கரம் வைத்தார்கள்? ஓடுகிற வீட்டுக்குத் திருகாணி இன்னும் கெட்டியாக அல்லவா இறங்கி இருக்கவேண்டும்?

சில தொழிற்சாலைகள் ஒரு கொட்டகையில் வண்டியை நிறுத்தி, எல்லாப் பக்கமும் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகே வெளியே அனுப்புகின்றன. சில செய்ய முடிந்ததை எல்லாத் தொழிற்சாலைகளும் எல்லா வண்டிக்கும் செய்யவேண்டும். சோதித்துப் பார்க்கிறவருக்கு வண்டிக் கணக்கில் கூலி கொடுக்கக் கூடாது. பழுதைக் கண்டுபிடித்தால் சம்பளம் குறையும் என்றால், எந்தக் கண்ணுக்கும் பழுது தெரியாது. மாநிலச் சட்டசபைகள் எலுமிச்சம்பழச் சட்டத்தில் வீட்டையும் சக்கரத்தையும் ஒன்றாகச் சேர்க்கவேண்டும். இண்டியானா முதலில் செய்தால் அந்த மாநிலத்துக்கே பெருமை.

இதெல்லாம் நடக்கும் வரை வாங்குகிறவர்கள் என்ன செய்வது?

அமெரிக்காவில் விவரம் தெரிந்தவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கடைக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லாத பரிசோதகர் ஒருவரைத் தங்கள் செலவில் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அவர் கூரை மேல் ஏறிப் பசையைப் பார்ப்பார். ஈரம் காட்டும் கருவியைச் சுவரில் வைத்துப் பார்ப்பார். வண்டிக்குள் காற்றை அடைத்து, வெளியே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்து, எங்கே குமிழி வருகிறது என்று பார்க்கும் சோதனையும் உண்டு. சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்ப்பது போலத்தான்.

அதோடு சிலர் நிற்பது இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன், "இன்று இரவு உங்கள் கடை வாசலிலேயே இந்த வண்டியில் தூங்குகிறோம்" என்று கேட்கிறார்கள். தூங்க எங்கே நேரம்? எல்லாக் குழாயையும் திறக்கிறார்கள். எல்லா விளக்கையும் போடுகிறார்கள். அடுப்பை மூட்டுகிறார்கள். பக்கத்து அறையை நாலு தடவை வெளியே தள்ளி, நாலு தடவை உள்ளே இழுக்கிறார்கள். கையில் ஒரு டார்ச் விளக்கு, ஒரு பென்சில், ஒரு காகிதம். காலையில் கடை திறந்ததும் அந்தக் காகிதத்தைக் கடைக்காரரிடம் நீட்டுகிறார்கள். செக்கில் அதுவரை கையெழுத்து விழுந்து இருக்காது.